பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், கோட்டை: பழைய கல்லறைகளைப் போய்ப் பார்க்கவும் படிக்கவும்

#1 ஆவடி வெண்ணிலா

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி நடுவில் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கும், சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைக்கும் போகப் போகிறேன். முடிந்தால் செயின்ட் ஜார்ஜ் கோட்டைத் தேவாலய முற்றத்தில் பதித்திருக்கும் கற்களையும் பார்க்க வேண்டும். சுற்றிப் பார்த்துவிட்டு வருவது மட்டும் நோக்கம் இல்லை. ஒவ்வொரு கல்லிலும் உள்ளதை எழுத்து எழுத்தாகப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேடிப் பார்த்ததில் சாக்பீஸ் தேய்க்கச் சொல்கிறார்கள், மைதா தூவச் சொல்கிறார்கள், தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். இதில் எது சரி? டச்சு மொழி எனக்குத் தெரியாது. கைப்பேசி கேமராவும் ஒரு டார்ச்சும்தான் கைவசம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பொன்னேரியான்

முதலில் வழி. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்குங்க. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ் இருக்கு. நாள் முழுக்க ஓடும், ஆனா இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. திரும்பி வர்ற கடைசிப் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வெச்சுக்குங்க.

ஊருக்குள்ள "டச்சுக் கல்லறை"ன்னு கேட்டாலே காட்டுவாங்க. மதில் சுவர், இரும்புக் கதவு, தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கும். வாயில்லயே எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிக்கும். உள்ளே இரண்டு வகை. தரையோடு படுத்த பலகைக் கற்கள் ஒண்ணு. செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சு எழுப்பின கூம்பு, குவிமாடக் கட்டடங்கள் இன்னொண்ணு. உங்களுக்குப் படிக்க வேண்டியது பெரும்பாலும் முதல் வகையில்தான் இருக்கு.

1613-இல் கட்டின கெல்டிரியா கோட்டையைத் தேடிப் போறவங்க ஏமாந்து வருவாங்க. அங்க இப்போ மேடும் அகழியும் சீமைக்கருவேலமும்தான். மழை முடிஞ்ச கையோட போனா புதர் முழங்காலுக்கு மேல நிக்கும், பாம்பு நடமாட்டம் உண்டு. செருப்பு போட்டுப் போகாதீங்க, ஷூதான். தண்ணி, குடை, தொப்பி கட்டாயம்.

சதுரங்கப்பட்டினம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் நகரியத்தை ஒட்டிக் கடற்கரையில இருக்கு. கல்லறை கோட்டைக்குள்ளயே தனி மதிலோட இருக்கு, பூட்டியிருக்கும். காவலர்கிட்ட கேட்டாத் திறந்து விடுவார். பக்கத்துல அணுமின் நிலையம் இருக்கறதால டிரோன் பேச்சே எடுக்காதீங்க.

#3 கல்லெழுத்து

வெண்ணிலா அம்மா, நீங்கள் சொன்ன மூன்றுமே வேண்டாம். காரணத்தோடு சொல்கிறேன், அப்போதுதான் அங்கே யாராவது செய்ய வந்தாலும் எடுத்துச் சொல்லித் தடுக்க முடியும்.

சாக்பீஸ் என்பது ஜிப்சம் அல்லது கால்சியம் கார்பனேட். அதன் தூள் கல்லின் நுண்துளைகளுக்குள் போய்விடும், மழையில் முழுதாகக் கழுவிப் போகாது. அதைவிடப் பெரிய கெடுதல் வேறு. சாக்பீஸால் கோடு இழுப்பவர் தனக்குத் தெரிந்ததாக நினைக்கும் எழுத்தை வரைகிறார். அடுத்து வருபவர் கல்லைப் படிப்பதில்லை, அந்தக் கோட்டைப் படிக்கிறார். 3 என்பது 5 ஆகிவிடுவது இப்படித்தான். மைதா பூஞ்சைக்கும் எறும்புக்கும் உணவு. எண்ணெய் ஊறிய கல்லில் தூசி ஒட்டிக் கருமை ஏறும், அந்தக் கறையை எடுக்கக் கரைப்பான் போட வேண்டிவரும். ஷேவிங் நுரை தடவச் சொல்பவர்களும் உண்டு. அதில் உள்ள கொழுப்பு அமிலம் கல்லிலேயே தங்கிவிடும்.

இன்னொன்று. இரண்டு இடங்களும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010 திருத்தமும் சேர்ந்து, சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கின்றன. இரண்டும் சேர்த்தே விதிக்கலாம். அதனால் கையால் எதையும் தேய்க்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது வெளிச்சம், அதுவும் சாய்ந்த வெளிச்சம். கல்லின் பரப்புக்கு 10 முதல் 15 டிகிரி கோணத்தில் ஒளி விழுந்தால் ஒரு மில்லிமீட்டர் மேடும் நிழல் போடும். உச்சி வெயிலில் நிழல் இல்லை, எழுத்தும் இல்லை. பலர் நண்பகலில் போய்விட்டு "எல்லாம் அழிந்துவிட்டது" என்று எழுதுவதற்கு இதுதான் காரணம். கல் அழியவில்லை.

ஜனவரி நடுவில் சென்னைப் பக்கம் காலை 7 மணி முதல் 7.30 வரை சூரியன் 5 முதல் 12 டிகிரி உயரத்தில் இருக்கும். 9 மணிக்கு 30 டிகிரிக்குப் போய்விடும், அதற்குள் பயன் போய்விட்டது. மாலை 4.30-க்குச் சுமார் 19, 5 மணிக்கு 13. ஆக மாலை 5 முதல் சூரியன் மறையும்வரை ஒரு நல்ல மணி நேரம் கிடைக்கும். கருவி எதுவும் வேண்டாம். ஒரு பென்சிலைத் தரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் பென்சிலைப்போல் நான்கு மடங்குக்கு மேல் நீண்டால் கோணம் 14 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டது.

ஒரு சிக்கல் உண்டு. கிறித்தவ வழக்கப்படி தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துப் புதைத்த இடங்களில் கல்லும் கிழக்கு மேற்காக நீளும். காலை வெயில் கல்லின் கால்பக்கமிருந்து நேராக வந்தால் எழுத்துகளின் கிடைக்கோடுகள் தெளியும், நிமிர்ந்த கோடுகள் மங்கும். நம் அகலாங்கில் ஜூன், டிசம்பர் கடைசி வாரங்களில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து 24 டிகிரி வரை விலகி உதிக்கும். மார்ச், செப்டம்பரில் விலகல் ஏறக்குறைய இல்லை. ஜனவரி நடுவில் தெற்கே 21, 22 டிகிரி கிடைக்கும், ஒளி குறுக்காக விழும். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம்.

#4 ஆவடி வெண்ணிலா

மிக்க நன்றி ஐயா. ஆனால் காலை ஏழு மணிக்குக் கதவு திறந்திருக்குமா? காவலர் ஒன்பது மணிக்கு மேல் வந்தால் வெயில் ஏறியிருக்குமே. தண்ணீர் தெளித்தால் எழுத்து தெளியும் என்று வேறு ஒருவர் சொன்னார்.

#5 மாலைவெயில்

தோழி, அதற்குத்தான் கண்ணாடி.

வேண்டியவை: 30க்கு 45 செ.மீ. அளவில் ஒரு அக்ரிலிக் கண்ணாடி (உடையும் கண்ணாடி வேண்டாம், சில்லு தெறித்தால் கல்லறைப் புல்லில் பொறுக்க முடியாது), ஒரு பெரிய கறுப்புக் குடை அல்லது 2 மீட்டர் கறுப்புத் துணி, உதவிக்கு ஒரு ஆள்.

முதலில் கல்லுக்கு மேலே குடையையோ துணியையோ பிடித்து நேர் வெயிலை மறைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கண்ணாடி பிடிப்பதில் பயன் இல்லை, மேலிருந்து விழும் ஒளி பக்கவாட்டு நிழலை விழுங்கிவிடும். பிறகு உதவியாளர் கல்லின் நீள்பக்கத்தில் 2 மீட்டர் தள்ளி வெயிலில் நின்று, கண்ணாடியைத் தரையிலிருந்து 35 முதல் 50 செ.மீ. உயரத்தில் பிடிக்க வேண்டும். அந்த உயரம், அந்தத் தூரம் என்றால் கோணம் 10 முதல் 14 டிகிரி. ஒளிக்கற்றை கல்லைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டு போகும்படி மெல்லத் திருப்புங்கள். எழுத்து எழுந்து நிற்கும்.

ஒரே கல்லுக்கு மூன்று பக்கத்திலிருந்தும் எடுங்கள்: இடம், வலம், தலைப்பக்கம். கேமரா அசையக் கூடாது, ஒளி மட்டும் மாற வேண்டும். கைப்பேசித் திரையில் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள், வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், 2 நொடி டைமர் போடுங்கள். ஸ்டாண்டு கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் தொல்லியல் துறையிடம் முன்அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் உதவியாளர் தோளில் முழங்கையை ஊன்றி எடுத்தால் போதும்.

கண்ணாடியைப் பக்கத்துக் கல் மீது சாய்த்து வைக்காதீர்கள். அதுவும் ஒருவருடைய கல்லறைதான்.

#6 தண்டையார்பேட்டை ராஜ்

தண்ணீர் விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். கருங்கல்லில் சுத்தமான தண்ணீரை ஸ்பிரே பண்ணினால் எந்தக் கேடும் இல்லை. வெட்டெழுத்துக் கல்லில் பள்ளத்தில் ஈரம் நின்று மேற்பரப்பு காயும்போது சில நிமிடம் எழுத்து அருமையாகத் தெரியும். பல கல்வெட்டுக்காரர்கள் செய்வதுதானே?

#7 கல்லெழுத்து

ராஜ் அவர்களே, வெட்டெழுத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக் கற்களில் பலவற்றில் எழுத்து புடைப்பாக நிற்கிறது, அதாவது சுற்றியுள்ள கல்லைக் குடைந்து எடுத்து எழுத்தை மேடாக விட்டிருக்கிறார்கள். நனைத்தால் மேடும் பள்ளமும் ஒரே கறுப்பாகி, தெரிந்ததும் மறையும். இரண்டாவது, இது கடலோரம். கல்லிலும் அதைச் சுற்றிய காரையிலும் உப்பு ஊறியிருக்கிறது. நனைத்தால் உப்பு கரைந்து, காயும்போது மறுபடி படிகமாகி, மேல் தோலைத் தள்ளும். ஒருமுறையில் ஒன்றும் தெரியாது. வருகிறவர் எல்லோரும் தெளித்தால் தெரியும். பாதுகாக்கப்பட்ட இடத்தில் தண்ணீரும் வேண்டாம் என்பதே என் கருத்து.

புடைப்பெழுத்துக்கு இன்னொரு பலவீனம், மிதிபடுவது. மேடுதான் முதலில் தேயும். அதனால் கற்களின் மேல் நடக்காமல் இடையில் உள்ள மண்ணில் கால் வையுங்கள்.

இனி மொழி. டச்சு தெரியாமலேயே இந்தக் கற்களைப் படிக்கலாம், ஏனென்றால் வாசகம் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. இந்த வரிசையில் எதிர்பாருங்கள்:

"ஹியர் லெய்ட் பெக்ராவென்" அல்லது "ஹியர் ரஸ்ட்" என்று தொடங்கும். இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார், இங்கே துயில்கிறார். அடுத்து பெயர். பெண் என்றால் "ஹெய்ஸ்ஃப்ரௌ ஃபான்" (இன்னாரின் மனைவி) அல்லது "வேடுவே" (கைம்பெண்) வந்து கணவர் பெயர் தொடரும். ஆண் என்றால் "இன் ஸெய்ன் லேவென்" (வாழ்நாளில்) என்ற சொல்லுக்குப் பின் பதவி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகப் படிநிலை கீழிருந்து மேலே: அசிஸ்டென்ட், பூக்ஹௌடர் (கணக்கர்), ஆண்டர்கோப்மான், கோப்மான், ஆப்பர்கோப்மான். ஒரு நிலையத்துக்கே தலைவர் என்றால் ஆப்பர்ஹோஃப்ட். பிறப்புக்கு "கெபோரென்", இறப்புக்கு "ஓவர்லேடென்" அல்லது இலத்தீனில் "ஓபியிட்". கடைசியில் "ஔட்" என்று வந்து வயது. வயதை ஆண்டு, மாதம், நாள் என மூன்றாகவும் எழுதியிருப்பார்கள். அதை இறந்த தேதியிலிருந்து கழித்தால் பிறந்த நாளே கிடைக்கும். கல்லில் பிறப்பு வரி சிதைந்திருந்தால் இந்தக் கணக்கே கைகொடுக்கும்.

தவறு வழக்கமாக நேரும் இடங்கள்: 7 என்ற எண்ணை அடுத்து "பெர்" என்று சின்னதாக இருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 பெர் அக்டோபர், 9 பெர் நவம்பர், ரோமன் பத்து பெர் டிசம்பர். இலத்தீனில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பழைய ரோம ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் வந்த கணக்கு. யு, வி இரண்டும் ஒரே வடிவில் வரும். ஐ, ஜே, ஒய் ஒன்றுக்கொன்று மாறும். இடம் போதாவிட்டால் இரண்டு எழுத்து ஒரே நிமிர்கோட்டைப் பகிர்ந்துகொள்ளும், அதை ஒரு எழுத்தாக எண்ணிவிடாதீர்கள். வரி முடிவில் சொல் எங்கே வேண்டுமானாலும் உடையும், இணைப்புக்குறி போட்டிருக்க மாட்டார்கள்.

#8 தரங்கை நாட்காட்டி

தேதி பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தக் கரையில் ஒரே காலத்தில் மூன்று நாட்காட்டிக்காரர்கள் இருந்தார்கள்.

டச்சுக் கம்பெனி இந்த ஊர்களுக்கு வரும்போதே புதிய கிரிகோரியன் முறையில் இருந்தது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் முறை. 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று எண்ணித்தான் மாறினார்கள். தரங்கம்பாடி டேனியர் 1700-இல் மாறினார்கள், பிப்ரவரி 18-க்கு மறுநாள் மார்ச் 1. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் 10 நாள், 1700 மார்ச்சுக்குப் பின் 11 நாள்.

இதோடு, 1752-க்கு முன் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. ஆகவே சென்னைக் கல்லில் ஜனவரி முதல் மார்ச் 24 வரையான தேதிக்கு ஆண்டு "1689/90" போல் இரட்டையாக இருந்தால் அது செதுக்கியவரின் குழப்பம் இல்லை. நம் கணக்கில் அது 1690. இரட்டை எண் இல்லாமல் பழைய ஆண்டு மட்டும் இருந்தால்தான் சிக்கல். பழவேற்காட்டில் 1690 ஜனவரி 15 என்று எழுதும் அதே நாளைச் சென்னையில் 1689 ஜனவரி 5 என்று எழுதியிருப்பார்கள். கல்லில் உள்ளதை அப்படியே குறித்துக்கொண்டு, மாற்றிய தேதியைத் தனி வரியில் எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

#9 கோட்டைவாசல்

கோட்டைத் தேவாலயமான செயின்ட் மேரிஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் அரசு அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பை சோதனை உண்டு. ஞாயிறு காலை ஆராதனை நேரம், கற்களைப் பார்க்க வார நாளே நல்லது. கோட்டை அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் வெள்ளி விடுமுறை. எங்கே படம் எடுக்கலாம் என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

மிக முக்கியமானது: அந்த முற்றத்துக் கற்களுக்குக் கீழே யாரும் இல்லை. தேவாலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. கற்கள் அங்கே வந்தது அதற்கு வெகுகாலம் பின்னால். ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இப்போதைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, பிரெஞ்சுப் படை அந்த உயரமான கல்லறைக் கட்டடங்களை மறைவாக வைத்துச் சுட்டது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் அவற்றை இடித்து, எழுத்துள்ள பலகைகளை மட்டும் எடுத்துவந்து தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். அத்தோடும் விடவில்லை. ஹைதர் அலி போரின்போது 1782-இல் பீரங்கி நிறுத்தக் கற்களைப் பெயர்த்தார்கள், பிறகு மறுபடி பதித்தார்கள். பல கற்களில் மூலை உடைந்திருப்பதும், அடுத்தடுத்த கற்களுக்கு ஆண்டிலும் குடும்பத்திலும் தொடர்பே இல்லாததும் இதனால்தான். பக்கத்துக் கல்லை வைத்து உறவு ஊகிக்காதீர்கள். திசையும் இங்கே எதையும் சொல்லாது.

அங்கே 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லைத் தேடிப் பாருங்கள். சென்னையில் முதல் பிரெசிடென்டாக (ஆங்கிலக் கம்பெனியின் தலைமை நிர்வாகி) இருந்த ஆரன் பேக்கரின் மனைவி. இந்தியாவிலுள்ள மிகப் பழைய ஆங்கிலேயக் கல்லறை எழுத்து என்று சொல்லப்படுவது இதுதான்.

இடிக்காமல் விட்ட ஒரு சின்னம் இரண்டு பேருக்கு உரியது: ஜோசப் ஹின்மர்ஸ், பிறகு சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் சிறுவயது மகன் டேவிட். அந்தச் சின்னம் இன்னும் பழைய இடத்திலேயே உயர் நீதிமன்றத்தை ஒட்டிய வளாகத்தில் நிற்கிறது. ஹின்மர்ஸின் கைம்பெண் கேத்தரினைத்தான் யேல் 1680-இல் செயின்ட் மேரிஸில் மணந்தார், அந்தத் தேவாலயத்தின் முதல் திருமணம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி பெற வேண்டும் என்ற விதியால் அங்கே வாகன நிறுத்தம் கட்டுவது தடைபட்டு, 2023-இல் இடமாற்றம் கோரி வழக்கு நடந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நகராமல் நின்றது அது. மற்ற கற்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் அதை நகர்த்தலாம் என்று நினைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

#10 மாலைவெயில்

கோட்டை வரை போகிறவர் நடக்கும் தூரத்தில் ஆர்மேனியன் தெரு இருப்பதை விட்டுவிட வேண்டாம். 1772-இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயத்தின் வழித்தடமெங்கும் கற்கள். உலகின் முதல் ஆர்மேனிய இதழான "அஸ்தரார்" 1794-இல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மவோனியனின் கல்லறை அங்கே இருக்கிறது.

அங்கே ஆண்டைப் படிக்க ஒரு கணக்கு தெரிய வேண்டும். ஆர்மேனிய எழுத்துகளே எண்களும் ஆகும். முதல் ஒன்பது எழுத்து ஒன்றுகள், அடுத்த ஒன்பது பத்துகள், பிறகு நூறுகள், பிறகு ஆயிரங்கள். எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்துக்கொண்டு போங்கள். கூட்டி வரும் எண் ஆயிரத்துக்கு மேல் இருந்தால் அது பேராண்டு (ஆர்மேனியரின் பழைய ஆண்டுக்கணக்கு), அதோடு 551 கூட்டுங்கள். நூற்றைம்பது, இருநூறு என்று சின்னதாக இருந்தால் அது அஸாரியா ஆண்டு, பாரசீகத்தில் ஆர்மேனியர் வாழ்ந்த புதிய ஜுல்ஃபா என்ற ஊரின் வணிகர்கள் பயன்படுத்தியது, 1616-இல் தொடங்கியது. அதோடு 1615 கூட்ட வேண்டும். சென்னைக்கு வந்த ஆர்மேனியர் பலர் அந்த ஊர்க்காரர்கள் என்பதால் இரண்டாவது கணக்கு இங்கே அடிக்கடி தேவைப்படும்.

#11 அருள்_செங்கை

இழையை ஒட்டி ஒரு கேள்வி. எங்கள் பங்கு ஆலயத்தை ஒட்டி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன, தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இல்லாதவை. கமிட்டியில் ஆசிட் ஊற்றிக் கழுவி, வெடிப்புகளில் சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார்கள். அரசமரக் கன்றும் முளைத்திருக்கிறது. என்ன சொல்லித் தடுப்பது?

#12 காரைச்சாந்து

அருள், உடனே தடுங்க. கழிவறை ஆசிட்ங்கறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புக் காரை, சலவைக்கல் ரெண்டும் கால்சியம் கார்பனேட். ஊத்தின நிமிஷமே பொங்கிக் கரையும். கருங்கல் தாங்கினாலும் அதைச் சுத்தியுள்ள இணைப்புக் காரை போயிடும், அப்புறம் மழைத்தண்ணி அடியில இறங்கிக் கல் சாயும்.

சிமென்ட் ஏன் கூடாதுன்னா, பழைய செங்கல் கட்டடம் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். சுண்ணாம்பு அதுக்கு வழிவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைச்சுடும். தரையிலிருந்து ஏறுற ஈரமும் உப்பும் பூச்சுக்குப் பின்னாடி சேர்ந்து, செங்கல்லை மாவாக்கும். கொஞ்ச வருஷத்துல சிமென்ட் ஏடு அப்படியே கழண்டு விழும், பழைய செங்கல்லையும் பிச்சுக்கிட்டு வரும். சேதத்துக்குக் காரணம் பழசு இல்லை, அந்தப் பூச்சு.

செய்ய வேண்டியது இது. இணைப்புல தளர்ந்த காரையைக் கையுளியால மட்டும் எடுங்க, கிரைண்டர் வேண்டாம். ஆழம் இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, சுமார் 20 முதல் 25 மி.மீ. தூசியை ஊதி, தண்ணி தெளிச்சு ஈரமாக்குங்க. நீத்த சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. சுண்ணாம்பைக் குறைஞ்சது பத்து நாள் தண்ணிக்குள்ள ஊற வெச்சு, சலிச்சு எடுக்கணும். நீறாத கட்டி ஒண்ணு உள்ள போனாலும் பூசின பிறகு அது நீத்து, பூச்சைக் கொப்புளமா வெடிக்க வைக்கும். கடுக்காய், வெல்லம் ஊறவெச்ச தண்ணி சேர்க்கிற நம்ம ஊர் முறை நல்ல முறைதான், ஆனா பழகின கொத்தனார் கையில்தான். ஆளுக்கொரு அளவா ஊத்தினா எறும்பும் பூஞ்சையும்தான் வரும்.

மணல்லதான் கடலோரத்துல கோட்டை விடுவாங்க. கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்புத்தண்ணிக் கிணறும் கூடாது. ஆத்து மணலை ஒரு கண்ணாடிப் பாட்டில்ல பாதி போட்டு, தண்ணி ஊத்தி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி மூணு மணி நேரம் வைங்க. மேல படியுற வண்டல் 8 சதவீதத்துக்கு மேல இருந்தா அந்த மணலைக் கழுவணும்.

பூசின பிறகு ஈரச் சாக்கு போட்டு ரெண்டு வாரம் காக்கணும். சுண்ணாம்பு காத்துல உள்ள கரியமில வாயுவை மெதுவா எடுத்துத்தான் இறுகும். ஒரே நாள்ல வெயில்ல காய்ஞ்சா கெட்டிப்படாது, பொடியாகும். சித்திரை, வைகாசியில இந்த வேலையே வேண்டாம்.

அரசங்கன்னு ஒரு சாண் உயரத்துக்குள்ள இருந்தா மழை நின்ன மறுநாள் வேரோட மெதுவா இழுத்தா வரும். தண்டு விரல் தடிமன் ஆயிட்டா இழுக்காதீங்க, வேர் இணைப்பைப் பிளந்துக்கிட்டு வரும். அறுத்துட்டு, தழைய விடாம வெட்டிக்கிட்டே இருக்கணும், வேர் செத்த பிறகுதான் கல்லைப் பிரிச்சு எடுக்கிறது. கல் பெருசா இருந்தா நம்ம கையில முயற்சியே வேண்டாம். 2 மீட்டருக்கு 1 மீட்டர், 15 செ.மீ. கனம்னா கருங்கல் 800 கிலோ வரும்.

அழுக்குக்குச் சுத்தமான தண்ணியும் மென்மையான நைலான் பிரஷும் போதும். கம்பி பிரஷ் கூடாது, பிரஷர் வாஷர் கூடாது.

#13 தண்டையார்பேட்டை ராஜ்

அருமையான பதிவு. பங்குக் கல்லறை என்றால் பங்குத்தந்தையின் எழுத்து அனுமதியும், தொடர்பில் இருக்கும் குடும்பங்களுக்கு முன்கூட்டியே தகவலும் வேண்டும். வேலை தொடங்கும் முன் எல்லாக் கல்லையும் படம் எடுத்து எண் போட்டுவிடுங்கள். பழுது பார்க்கும்போது மாறிப்போகும் கற்கள் அதிகம்.

இன்னொரு தகவல். கோரமண்டல் கரையில் செதுக்கிய கல்லறைப் பலகைகள் கப்பலேறிப் பத்தாவியாவுக்கும் போயின. இன்றைய ஜகார்த்தாவில் 1695-இல் திறந்த சியோன் தேவாலயத்திலும், 1795-இல் இடுகாடாகத் தொடங்கி இப்போது அருங்காட்சியகமாக உள்ள தாமான் பிரசாஸ்தியிலும் போய்ப் பார்க்கலாம். தாமான் பிரசாஸ்தியில் சில கற்களில் எச், கே என்ற எழுத்தும் எண்ணும் இருக்கும், டச்சுத் தேவாலயத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. அங்கேயும் கல் ஓரிடம், உடல் வேறிடம்.

#14 ஆவடி வெண்ணிலா

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. குறிப்பு எடுக்கும் முறை? முன்பே யாராவது இவற்றைப் படித்து அச்சிட்டிருக்கிறார்களா?

#15 கல்லெழுத்து

அச்சிட்டிருக்கிறார்கள். அலெக்சாண்டர் ரீ 1897-இல் சென்னை மாகாண டச்சுச் சின்னங்களைப் படங்களோடு வெளியிட்டார். ஜே. ஜே. காட்டன் 1905-இல் மாகாணக் கல்லறை எழுத்துகளின் பட்டியலை வெளியிட்டார். இரண்டும் இணைய ஆவணக் காப்பகங்களில் இலவசம். ஆனால் போவதற்கு முன் படிக்காதீர்கள். முதலில் கல்லைப் படியுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். அச்சில் பார்த்துவிட்டால் இல்லாத எழுத்தும் கண்ணுக்குத் தெரியும். ஒப்பிடும்போது வேறுபட்டால் இரண்டையும் எழுதிவையுங்கள். நூறாண்டுக்கு முன் அவர்கள் பார்த்த மூலை இன்று உடைந்திருக்கலாம், அவர்கள் பிழையாகப் படித்தும் இருக்கலாம்.

எழுதும் முறை: கல்லில் உள்ள வரிக்கு ஒரு வரி. எழுத்துக்கூட்டலைத் திருத்தக் கூடாது. ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். முழுக்கத் தேய்ந்த இடத்தில் எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறதோ அத்தனை புள்ளி. 1, 7 இரண்டும், 3, 5 இரண்டும், 0, 6 இரண்டும் ஐயத்துக்குரியவை, இவற்றை மூன்று பக்க ஒளிப் படத்திலும் சரிபார்க்காமல் உறுதி செய்யாதீர்கள். மணற்கடிகாரம், மண்டையோடு, கேடயம், தலைக்கவசம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று ஒரு சின்ன வரைபடம். கேடயம் சாய்சதுரமாக இருந்தால் அது பெண்ணுக்குரியது. இரண்டு கேடயம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கணவன், மனைவி குடும்பங்கள்.

படம்: முதலில் முழுக் கல், பிறகு நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஒரு அளவுகோல். கோப்புப் பெயரில் ஊர், கல் எண், ஒளி வந்த பக்கம். "பழவேற்காடு-14-இடம்" என்பதுபோல.

#16 பொன்னேரியான்

ஒரு சின்னது. கல்லுக்கு எண் போடுறேன்னு சாக்பீஸால கல்லு மேலயே எழுதிடாதீங்க. நோட்டுல மதில், வாயில், கற்கள்னு வரைபடம் போட்டு, வாயில்லேர்ந்து வலப்பக்கமா எண்ணிக்கிட்டுப் போங்க. அந்த எண் போதும். ஒரு கல்லுக்கு மூணு பக்கப் படமும் குறிப்பும் சேர்த்து 20 நிமிஷம் ஆகும். ஒரு மாலையில மூணு, நாலு கல்லுக்கு மேல எடுத்துக்காதீங்க. வெளிச்சம் போனதும் காவலர் பூட்டணும், அவரைக் காக்க வைக்க வேண்டாம்.

#17 ஆவடி வெண்ணிலா

சரி. பழவேற்காட்டுக்கு இரண்டு மாலை, சதுரங்கப்பட்டினத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்கிறேன். அக்ரிலிக் கண்ணாடி பாரிமுனையில் கிடைக்குமா?

#18 மாலைவெயில்

பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் கேளுங்கள், அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். 3 மி.மீ. கனம் வாங்குங்கள். அதைவிட மெல்லியது வளையும், ஒளி சிதறும். பின்புறம் ஒரு பிளைவுட் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள், பிடிக்கவும் எளிது.